அந்தஸ்து உடம்புக்குள் எப்படிப் புகுகிறது?

கொழும்பில் இரண்டு தமிழர் முதன்முறையாகச் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். சொந்த ஊர் எது, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள், எங்கே வேலை, இருப்பது வெள்ளவத்தையா கொட்டாஞ்சேனையா, சொந்த வீடா வாடகையா, பிள்ளைகள் வெளிநாட்டிலா. கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனாலும் ஐந்து நிமிடம் கழிவதற்குள் எதிரில் இருப்பவரை எந்த இடத்தில் வைப்பது, 'நீங்கள்' என்பதோடு நிறுத்துவதா 'ஐயா' சேர்ப்பதா, கதிரையை விட்டு எழும்புவதா என்பதெல்லாம் முடிவாகிவிடும். இந்தக் கணக்கை நாம் யோசித்துப் போடுவதில்லை. மூளை தானே போட்டுவிட்டு விடையை மட்டும் நம்மிடம் தருகிறது.

ஒரு கூட்டத்துக்குள் யார் சொல் எடுபடும், யாருக்கு எவ்வளவு மதிப்பு, கிடைப்பதில் முதற்பங்கு யாருக்கு என்பதை எல்லோரும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டு நடக்கும் ஒழுங்கையே இங்கே சமூக அந்தஸ்து என்கிறேன். பணம் அதில் ஒரு பகுதிதான். புறக்கோட்டையில் கோடிக்கணக்கில் மொத்த வியாபாரம் செய்பவர், ஓய்வூதியத்தில் வாழும் பழைய பாடசாலை அதிபர் ஒருவருக்கு முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தஸ்தைப் பற்றி உயிரியல் பேசத் தொடங்கியதும் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. மேலே இருப்பவர் பிறப்பிலேயே அதற்கானவர், கீழே இருப்பவரின் இரத்தத்திலேயே குறை இருக்கிறது என்று சொல்லிவிடும் ஆசை அது. நமது சமூகத்துக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. அதனாலேயே இதை எழுதுகிறேன். கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளில் மிக உறுதியானவை பெரும்பாலும் எதிர்த்திசையைக் காட்டுகின்றன: ஒருவரை எந்தப் படியில் நிறுத்துகிறோமோ, அந்தப் படி அவருடைய மூளையையும் இரத்த நாளத்தையும் நோய் எதிர்ப்பையும் மாற்றுகிறது.

மூளை படியை எப்படி அறிகிறது

யார் பெரியவர் என்று பார்க்கும் பழக்கம் பேச்சு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பேசத் தெரியாத குழந்தைகளுக்குத் திரையில் இரண்டு உருவங்களைக் காட்டினார்கள். ஒன்று பெரியது, மற்றது சிறியது. இரண்டும் எதிரெதிரே வந்து வழியில் முட்டிக்கொள்கின்றன. சிறியது விலகிப் பெரியது முன்னே போனால் குழந்தைகள் சாதாரணமாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியது பணிந்து விலகினால் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள். எதிர்பாராதது நடக்கும்போதுதான் கைக்குழந்தை அப்படிப் பார்க்கும். ஏறக்குறைய பத்து மாதத்திலேயே இந்த எதிர்பார்ப்பு இருந்தது.

வளர்ந்தவர்களின் மூளையில் இது எப்படி நிகழ்கிறது என்பதை 2008-இல் கரோலின் சிங்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு படம்பிடித்தது. மூளையை ஸ்கேன் செய்தபடியே ஆட்களைக் கணினி விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். 'உங்களோடு ஆடுபவர்களில் ஒருவர் உங்களைவிட மேல், மற்றவர் உங்களைவிடக் கீழ்' என்று சொல்லப்பட்டது. உண்மையில் அந்த இருவருமே கற்பனை. அவர்களோடு போட்டியும் கிடையாது. அவர்கள் வென்றாலும் தோற்றாலும் ஆடுபவருக்குக் கிடைக்கும் காசு மாறாது. இருந்தும், மேல்நிலைக்காரரின் படம் தோன்றியபோது மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் உள்ளிட்ட பகுதிகள் கூடுதலாக இயங்கின. எது நமக்கு முக்கியம், எதில் பலன் உண்டு என்று மதிப்பிடும் இடங்களுள் ஸ்ட்ரையேட்டம் ஒன்று. படிநிலை எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று அறிவித்தபோது, அச்சத்தோடும் விழிப்போடும் தொடர்புள்ள அமிக்டலாவும் சேர்ந்து எழுந்தது.

அதே 2008-இல் ஜப்பானில் கெய்சே இசுமாவின் குழு இன்னொன்றைக் கண்டது. ஒருவருக்குப் பணம் கிடைக்கும்போது ஸ்ட்ரையேட்டத்தில் இயங்கும் அதே பகுதி, தன்னைப் பற்றி அந்நியர்கள் நல்லபடியாகச் சொன்னதை அறியும்போதும் இயங்கியது. மதிப்பு என்பது மூளைக்கு வெறும் பேச்சல்ல. உணவையும் காசையும் போலக் கணக்கில் வைக்கும் பொருள். கோயில் திருவிழாவில் முதற் காளாஞ்சி யாருக்கு என்பதில் குடும்பங்கள் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதை வெற்றிலைக்கும் சந்தனத்துக்குமான சண்டை என்று எண்ணிவிடக் கூடாது.

பொலன்னறுவைக் குரங்குகள்

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்பதில் நிரந்தரமான வரிசை உண்டு என்று 1920-களில் எழுதியவர் நோர்வேக்காரரான தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பெ. விலங்குகளின் படிநிலை பற்றிய ஆய்வுக்கு அது தொடக்கம். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே அதைவிடச் செழுமையான சான்று இருக்கிறது.

பொலன்னறுவைப் புராதன நகரத்தின் இடிபாடுகளுக்கிடையே வாழும் செங்குரங்குகளை வுல்ஃப்காங் டிட்டஸ் 1968-இல் கவனிக்கத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு தொடர்ந்த ஆய்வு அது. உலகின் மிக நீண்ட குரங்கு ஆய்வுகளில் ஒன்று நமது நாட்டில் நடந்திருக்கிறது என்பது நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருப்பது வருத்தம் தருகிறது. (2023-இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்ததே, அதே இனம்தான். இலங்கைக்கு வெளியே இந்த இனம் காடுகளில் இல்லை.)

செங்குரங்குக் கூட்டத்தில் மேல்படி விலங்கு வந்தால் கீழ்ப்படி விலங்கு பழமரத்தை விட்டு இறங்க வேண்டும். கீழ்ப்படிக் குரங்கு கன்னப்பையில் அடக்கி வைத்திருக்கும் உணவைக்கூட மேல்படிக் குரங்கு வாயைத் திறந்து விரலால் எடுத்துக்கொள்ளும். எடுக்கப்படுவது அசையாமல் உட்கார்ந்திருக்கும். உணவு குறைந்த காலங்களில் இந்த வரிசையே உயிரையும் தீர்மானித்தது. கீழே தள்ளப்பட்டவை அதிகமாக இறந்தன. பெண் குட்டியின் படி தாயின் படியை ஒட்டியே அமைகிறது. குட்டிக்கு அது உடல் வலுவால் வருவதில்லை. தாயும் உறவுகளும் சண்டையில் அதன் பக்கம் நிற்பதாலேயே, தன்னைவிடப் பெரிய விலங்கையும் அது விரட்டக் கற்றுக்கொள்கிறது. பரம்பரையாக வருகிறது, ஆனால் இரத்தத்தில் வருவதில்லை.

கோர்ட்டிசோல் செய்யும் வேலை

ஆபத்து என்று மூளை கணித்தால் அதன் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் என்ற பகுதி ஒரு சமிக்ஞை அனுப்பும். அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அதிரினல் சுரப்பிகளைத் தூண்டும். அங்கிருந்து கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கலக்கும். சேமிப்பில் உள்ள சர்க்கரை வெளியே வரும், இரத்த அழுத்தம் ஏறும், சமிபாடு, வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்ற அவசரமில்லாத வேலைகள் பின்தள்ளப்படும். நாய் துரத்தினால் இது உயிர் காக்கும் ஏற்பாடு. நாய் போய்விட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும்.

மனிதரில் இந்த ஏற்பாட்டை மிகச் சுலபமாகக் கிளப்புவது எது தெரியுமா? 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட சோதனை ஒன்று இன்றுவரை பயன்படுகிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். பிழை விட்டால் முதலிலிருந்து. யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. ஆனாலும் பெரும்பாலோரின் எச்சிலில் கோர்ட்டிசோல் கூர்மையாக ஏறுகிறது. 2004-இல் சலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் இத்தகைய 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். கோர்ட்டிசோலை அதிகம் உயர்த்தியது இரண்டும் சேர்ந்த நிலை: பிறர் தன்னை எடைபோட்டுக் குறைவாக மதிக்கக்கூடும் என்ற நிலை, அதை மாற்றத் தன் கையில் எதுவும் இல்லை என்ற நிலை.

இந்த இரண்டும் ஒருவருக்கு நேர்முகப் பரீட்சை நாளில் மட்டும் வந்தால் கேடில்லை. ஒவ்வொரு நாளும் வந்தால்? புறக்கோட்டைக் கடைகளிலும் செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த இளைஞர்கள் காலையிலிருந்து இரவுவரை நின்றபடி வேலை செய்கிறார்கள். எப்போது சாப்பிடலாம், எப்போது உட்காரலாம், எப்போது ஊருக்குப் போகலாம் என்பது இன்னொருவர் வாயில் இருக்கிறது. வயது முப்பதைத் தாண்டினாலும் 'பெடியன்' என்ற பெயர் மாறுவதில்லை. வீடுகளில் வேலைக்கு நிற்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். நீண்டகாலம் தணியாமல் இருக்கும் அழுத்தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துகிறது, எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிறது, நினைவுக்கு அவசியமான ஹிப்போகாம்பஸைப் பாதிக்கிறது. முதலாளி கையை ஓங்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை மனிதரில் தெளிவாகக் காட்டியது லண்டனில் நடந்த வைட்ஹோல் ஆய்வு; அதன் முடிவுகளைப் பின்னர் ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் மைக்கல் மார்மொட். 1967-இல் தொடங்கியது, சுமார் 18,000 ஆண் அரச ஊழியர்கள். இவர்களில் எவரும் வறியவரல்லர். எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். அப்படியிருந்தும் கீழ்த்தரச் சிற்றூழியர்களின் இறப்பு வீதம் உச்சப் பதவிக்காரரின் வீதத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் என்னை அதிகம் பாதித்தது அந்த மூன்று மடங்கு அல்ல. இடையில் இருந்த ஒவ்வொரு படியிலும் அதே சாய்வு இருந்தது. உச்சிக்கு அடுத்த படியில் நல்ல சம்பளத்தோடு இருந்த அதிகாரிகள்கூட உச்சியில் இருந்தவர்களைவிட அதிகம் நோயுற்றார்கள். புகைத்தல், கொலஸ்ட்ரோல், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி மறையவில்லை. 1985-இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் ஒரு காரணம் முன்னுக்கு வந்தது: தன் வேலையைத் தான் தீர்மானிக்கும் உரிமை குறையக் குறைய இருதய நோய் கூடியது.

கொழும்பில் இதற்குப் பதவி மட்டும் உரைகல் அல்ல. போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் மாதக்கணக்கில் தங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஊரில் அதிபராகவும் வைத்தியராகவும் இருந்தவர்கள், பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவு எப்போது தட்டப்படும் என்று தெரியாமல் படுத்தவர்கள். 2007 ஜூன் 7-ஆம் திகதி அப்படித் தட்டியெழுப்பப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். கையில் இருந்த பணம் அவர்களில் பலருக்குக் குறைந்திருக்கவில்லை. தன் நாளைத் தான் தீர்மானிக்கும் உரிமை போயிருந்தது.

கீழே இருப்பவருக்கு எப்போதும் அழுத்தம், மேலே இருப்பவருக்கு எப்போதும் நிம்மதி என்று சூத்திரம் போட்டுவிடவும் முடியாது. கென்யாவில் ரொபர்ட் சபோல்ஸ்கி பல பத்தாண்டுகள் பபூன்களின் இரத்தத்தைச் சோதித்தார். படிநிலை உறுதியாக இருந்த காலத்தில் கீழ்ப்படி ஆண்களுக்கே அழுத்த ஹோர்மோன் அதிகம். படிநிலை ஆட்டம் கண்ட காலத்தில் இடத்தைக் காக்கப் போராடும் மேல்படிக்காரருக்கு அது ஏறியது. 1980-களின் நடுவில் ஒரு கூட்டத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. சுற்றுலா விடுதி ஒன்றின் குப்பைமேட்டில் கிடந்த காசநோய் இறைச்சிக்காக, மிக மூர்க்கமான ஆண் பபூன்கள் பக்கத்துக் கூட்டத்தோடு சண்டையிட்டு அதைத் தின்று இறந்துபோயின. எஞ்சியவை சாதுவான ஆண்களும் பெண்களும். கூட்டத்தின் குணமே மாறியது: அடிதடி குறைந்தது, ஒன்றையொன்று பேன் பார்ப்பது கூடியது. பல ஆண்டுகள் கழித்து, வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஆண்களும் அந்தப் பழக்கத்தையே கற்றுக்கொண்டன. அந்தக் கூட்டத்தில் கீழ்ப்படி விலங்குகளிடம் வழக்கமான அழுத்த அடையாளங்கள் காணப்படவில்லை. அங்கேயும் மேல் கீழ் இருந்தது. ஆனால் மேலே இருந்தவை கீழே இருந்தவற்றை வதைக்கவில்லை.

எது முந்தியது, உடம்பா படியா?

ஆண்களிடம் கூடுதலாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோன் அதிகம் உள்ளவன் தலைவனாகிறான் என்பது எங்கும் கேட்கும் கதை. ஆனால் போட்டியில் வென்ற பிறகே பலருக்கு அது ஏறுகிறது, தோற்றவர்களுக்கு இறங்குகிறது. டெனிஸ், மல்யுத்தம் மட்டுமல்ல, சதுரங்கத்திலும் இது காணப்பட்டது. 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசில் இத்தாலியை வென்றபோது, தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பிரேசில் ரசிகர்களுக்கு அது ஏறியது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. அவர்கள் பந்தைத் தொடவே இல்லை!

2010-இல் சூரிச்சில் நடந்த ஆய்வு இன்னும் ஆழமானது. ஒருவர் பணத்தைப் பங்கிட, எதிராளி அந்தப் பங்கை மறுத்தால் இருவருக்கும் எதுவும் கிடைக்காத விளையாட்டு ஒன்றுக்கு முன் பெண்கள் சிலருக்கு டெஸ்டோஸ்டெரோனும் சிலருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. ஹோர்மோன் பெற்றவர்கள் எதிராளிக்கு நியாயமான பங்கையே கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பங்கு மறுக்கப்பட்டுத் தலைகுனியும் நிலையைத் தவிர்ப்பதற்கு அந்த விளையாட்டில் அதுவே வழி. ஆனால் 'எனக்கு டெஸ்டோஸ்டெரோன் தந்திருக்கிறார்கள்' என்று நம்பியவர்கள், உண்மையில் பெற்றாலும் பெறாவிட்டாலும், மற்றவர்களைவிடக் கஞ்சத்தனமாக நடந்தார்கள். அடாவடிக்குக் காரணமாக நாம் சொல்லும் ஹோர்மோனைவிட, அதைப் பற்றிய நமது கதை அதிகம் அடாவடி செய்தது.

மூளையிலும் இதே வரிசைதான். 2002-இல் அமெரிக்காவில், தனித்தனிக் கூண்டுகளில் இருந்த இருபது ஆண் குரங்குகளின் மூளையை ஸ்கேன் செய்து, ஊக்கத்தோடும் பலனை நாடுவதோடும் தொடர்புள்ள டோபமின் என்ற இரசாயனத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை அளந்தார்கள். பிறகு நான்கு நான்காகக் கூட்டம் சேர்த்தார்கள். சில மாதங்களில் படிகள் அமைந்தன. மீண்டும் அளந்தபோது மேல்படிக்குப் போனவற்றில் ஏற்பிகளின் அளவு கூடியிருந்தது; கீழே போனவற்றில் மாறவில்லை. தனியே இருந்த காலத்தில் இவற்றுக்கிடையே அந்த வேறுபாடு இருக்கவில்லை. கொகெயின் எடுக்க வழி கொடுத்தபோது கீழ்ப்படி விலங்குகள்தான் அதை அதிகம் நாடின.

இதைவிடத் தெளிவான சான்று 2016-இல் வந்தது. எமரி பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் 45 பெண் ரீசஸ் குரங்குகளை ஐந்து ஐந்தாகப் புதிய கூட்டங்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். முதலில் நுழைந்தது பெரும்பாலும் மேல்படியைப் பிடித்தது. கடைசியாக வந்தது அடியில் நின்றது. அதாவது, எது மேலே போகும் என்பதை அதன் பிறப்போ குணமோ முடிவு செய்யவில்லை, ஆய்வாளர் எந்த வரிசையில் கூண்டைத் திறந்தார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்தது. கீழ்ப்படியில் நின்றவற்றின் வெண்குருதிக் கலங்களில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் அதிகம் விழித்திருந்தன. ஓராண்டுக்குப் பின் கூட்டங்களைக் கலைத்து வரிசையை மாற்றினார்கள். மேலே ஏறியவற்றின் மரபணுச் செயற்பாடும் புதிய படிக்கு ஏற்ப மாறியது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. துணிச்சல், கூச்சம், படபடப்பு போன்ற இயல்புகளில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த இயல்பு ஒருவரை எந்தப் படியில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவர் வாழும் கூட்டத்தைப் பொறுத்தது. மனிதருக்கு ஏறும் வழிகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. 2001-இல் ஜோசப் ஹென்ரிக்கும் பிரான்சிஸ்கோ ஹில்-வைட்டும் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று அச்சத்தால் கிடைக்கும் ஆதிக்கம். மற்றவர்கள் கண்ணைத் தாழ்த்தி விலகி நிற்பார்கள். மற்றது அறிவாலும் திறமையாலும் கிடைக்கும் நன்மதிப்பு. மற்றவர்கள் கிட்டே வந்து, பார்த்து, கற்றுக்கொள்ள விரும்புவார்கள். ஆதிக்கம் குரங்குக்கும் உண்டு. ஒரு நல்ல ஆசிரியரையோ நாதஸ்வர வித்துவானையோ சுற்றிக் கூட்டம் கூடுவது, பிறரிடம் கற்று வாழும் மனித இனத்தின் தனித்தன்மை.

சாதிக்கு வருகிறேன். கொழும்பில் அதை வாய்விட்டுப் பேசுவது குறைவு. திருமண விளம்பரத்திலும் தரகரின் கொப்பியிலும் அது பத்திரமாக இருக்கிறது. இந்தியாவின் உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களில் கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் செய்த ஆய்வை ஒவ்வொரு தமிழ் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் அச்சிட்ட சிக்கல் வழிப் புதிர்களை விடுவித்தால் காசு கிடைக்கும். சாதி சொல்லப்படாதபோது இரு சாராரும் ஏறக்குறைய சமமாகவே விடுவித்தார்கள். பிறகு வேறு குழுக்களில், புதிர் தொடங்குமுன், ஒவ்வொரு சிறுவனின் ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை மற்றச் சிறுவர்கள் முன்னால் வாசித்தார்கள். புதிரோ காசோ மாறவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த எண்ணிக்கை சரிந்தது. சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைத்தபோது உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

நமது வகுப்பறைகளில் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பத்து வயதுப் பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் உட்கார வைக்கும் பழக்கம் இருக்கிறது. மாதிரிப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கடைசிப் பிள்ளைவரை உரத்து வாசிக்கும் பழக்கமும் இருக்கிறது. பெற்றோர் சந்திப்பில் நாம் கேட்டு நிறுத்தக்கூடியவை இவை.